படுத்துருச்சு

நான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போவதை நானே ஐந்தாறு வருஷமாக முழுசாக நம்பவில்லை சார். என் மச்சினன் சுருளிவேல் சொன்னது. அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. சந்தேகமே அதனால்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் ஒரே ஒரு பொய் சொன்னால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

உட்காருங்கள். ஜம்பர் கேபிள்தானே, தருகிறேன். ஆனால் நீங்கள் கேட்ட மாதிரி, 'ஏதாவது ஒண்ணு குடுங்க, வண்டியில சும்மா கிடக்கட்டும்' என்று என்னால் எடுத்துத் தர முடியாது. சும்மா கிடக்கட்டும் என்று வாங்கிப் போடுகிற பொருள் இல்லை இது, பேட்டரி இறங்கி நின்றுபோன வண்டியை இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து எழுப்புகிற கேபிள். மலைக்குத்தானே போகிறீர்கள்? டீசல் வண்டியா? பார்த்தீர்களா. அப்படியென்றால் கொஞ்சம் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

இதைக் கையில் பிடித்துப் பாருங்கள். தடியாகத்தானே இருக்கிறது? எல்லோரும் அப்படித்தான் ஏமாறுகிறோம். நுனியைச் சீவி வைத்திருக்கிறேன், பாருங்கள். முக்கால்வாசி ரப்பர். உள்ளே பென்சில் முனை அளவுக்குக் கம்பி. அதுவும் செம்பு மாதிரி மினுங்கும். பிளேடால் சுரண்டினால் வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. இதை நான் விற்பதில்லை, காட்டுவதற்காக வைத்திருக்கிறேன். ஒரு டீசல் இன்ஜினை முதல் சுற்று சுற்றவைக்க எவ்வளவு கரண்ட் இழுக்கும் தெரியுமா? ஆற்றுத் தண்ணீரை இளநீர் உறிஞ்சுகிற ஸ்ட்ராவில் கொண்டுவர முடியுமா? இது அந்த ஸ்ட்ரா. கம்பி சூடாகும், ரப்பர் இளகும், வண்டி 'டிக் டிக்' என்று மட்டும் சொல்லும்.

இது இன்னொன்று. வெல்டிங் கேபிளில் நானே செய்தது. உள்ளே தலைமுடி மாதிரி நூற்றுக்கணக்கில் செம்பு இழை. கனமாக இருக்கிறதா? கனமாகத்தான் இருக்கவேண்டும். கேபிள் வாங்கும்போது தடிமனைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். நீளம் பத்தடிக்கு மேல் வேண்டாம். நீளம் கூடக்கூட போய்ச் சேருகிற கரண்ட் குறையும். கிளிப்பைத் திறந்து இரண்டு தாடையிலும் செம்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல பேர் ஒரு தாடையில் மட்டும் வைத்துவிட்டு...

இல்லை, இருங்கள். நீங்கள் என்ன கேட்க வருகிறீர்கள் என்று தெரியும். சொல்லி முடித்துவிடுகிறேன்.

இதே விஷயத்தை, இதே வரிசையில், இதே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு நான் சுருளிக்கு போனில் சொன்னேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று பத்துக்கு. மூன்று பத்து என்று எப்படித் தெரியும் என்றால், அந்த போனை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ரொம்ப நாள் அதில் அந்த அழைப்பு இருந்தது. மூன்று பத்து. நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.

வெளியே போர்டில் பார்த்திருப்பீர்களே, தவமணி ஆட்டோ எலெக்ட்ரிக்கல்ஸ். தவமணி என் வீட்டுக்காரி. சுருளி அவளுக்குத் தம்பி. அக்காளும் தம்பியும் மலைக்கு மேலே பூப்பாறைக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். அவர்கள் சித்தப்பா பேத்திக்கு. நானும் போகவேண்டியதுதான். கடையில் வேலை இருந்தது. என்ன வேலை என்று கேட்டால் இப்போது ஞாபகமில்லை. ஏதோ ஒரு ஆல்டர்னேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். சுருளியின் ஜீப்பில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். போடிமெட்டு இறக்கத்தில் பதினோராவது வளைவில் நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே இருந்துதான் போன் வந்தது.

இரண்டு கையிலும் கிரீஸ். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். எடுத்ததும் எனக்குக் கேட்ட முதல் வார்த்தை இதுதான்:

"...படுத்துருச்சு மாமா."

அதற்கு முன்னால் அவன் ஏதோ சொல்லியிருக்கிறான். அது என் காதில் விழவில்லை. மலையில் டவர் சரியாகக் கிடைக்காது.

நீங்கள் சென்னைப் பக்கமா? அப்படியென்றால் இதை விளக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் அக்கா, அம்மா, அத்தை எல்லோரையும் 'வந்துச்சு', 'போச்சு' என்றுதான் சொல்வோம். மரியாதைக் குறைவு கிடையாது, வீட்டுப் பழக்கம். 'அக்கா சாப்பிட்டுச்சு', 'அம்மா தூங்குது'. ஆம்பளை என்றால் 'படுத்துட்டாரு' என்போம். பொம்பளை என்றால் 'படுத்துருச்சு'. வண்டி நின்றுபோனாலும் 'படுத்துருச்சு'தான். என் கடைக்கு ஒரு நாளைக்குப் பத்து பேர் வந்து 'படுத்துருச்சு' என்பார்கள். பத்தும் வண்டிதான். அன்றைக்கு அது பதினோராவது தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்டேன், "படுத்துருச்சுன்னா? செல்ஃப் அடிச்சா என்ன சத்தம் வருது? டிக்டிக்குங்குதா, ஒண்ணுமே இல்லையா?"

"மாமா, அது வந்து..."

"அது வந்து, அது வந்துன்னு இழுக்காத. லைட்டைப் போட்டு வச்சிருந்தியா?"

"ஆமா மாமா, பனியா இருந்துச்சு, ஆனா..."

"ஆனா எல்லாம் அப்புறம். நான் சொல்றதை முதல்ல கேளு. குறுக்க பேசாத."

சொன்னேன். சீட்டுக்கு அடியில் கேபிள் இருக்கும், எடு. மேலே இருந்து வருகிற வண்டி எதையாவது நிறுத்து. சிவப்பை முதலில் உன் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டு, பிறகு அவன் பேட்டரி பிளஸ். கறுப்பை அவன் மைனஸில் மாட்டு. கடைசி கறுப்பை உன் பேட்டரியில் மாட்டாதே, இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பாகப் பார்த்து மாட்டு, இல்லையென்றால் பேட்டரி பக்கத்தில் பொறி பறக்கும். உன்னிடம் இருப்பது மெல்லிசு கேபிள், அதனால் உடனே செல்ஃப் அடிக்காதே. அவன் வண்டி இருபது நிமிஷம் ஓடட்டும். இருபது நிமிஷத்தில் உன் பேட்டரி கொஞ்சம் ஏறிக்கொள்ளும். அதற்குப் பிறகு அடி. எழவில்லை என்றால் இன்னும் இருபது நிமிஷம்.

"விளங்குச்சா?"

"விளங்குச்சு மாமா."

"திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னான். சிவப்பு, சிவப்பு, கறுப்பு, இரும்பு, இருபது நிமிஷம். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னான். நான் அவனுக்கு வயரிங் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்து அப்படித்தான். எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லவைப்பேன். அப்போதுதான் மண்டையில் நிற்கும். "சபாஷ்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். உண்மையிலேயே எனக்கு அன்றைக்குத் திருப்தியாக இருந்தது. போனிலேயே ஒரு வண்டியை எழுப்பிவிட்டேன் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னேன்.

தவமணிக்குப் பக்கவாதம் சார். வலது பக்கம். பேச்சும் போய்விட்டது.

ஜீப் எழுந்து, அவன் அவளை போடிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது மணி ஐந்து ஆகிவிட்டது. அங்கிருந்து தேனி. தேனியில் ஸ்கேன் எடுத்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் அந்த டாக்டர், சின்ன வயசுதான், நல்ல பிள்ளை, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ரத்தக் கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. குறிப்பிட்ட நேரத்துக்குள்ள போடணும். ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா போட்டிருக்கலாம். இனிமே போட்டா மூளையில ரத்தம் கசிஞ்சிரும்."

ஒரு மணி நேரம்.

வராந்தாவில் அவர்கள் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். தவமணியின் சித்தப்பா சத்தமாகப் பேசுகிறவர். சுருளியின் சட்டையைப் பிடித்துவிட்டார். "ஏன்டா, புள்ள கிடக்குற கிடையில நீ ரோட்டுல ஜீப்புக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்தியா? பரமசிவத்துக்கு போன் போட்டியாமே, அவரு என்ன சொன்னாரு?"

பரமசிவம் நான்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுருளியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"மாமாகிட்ட வண்டி படுத்துருச்சுன்னுதான் சொன்னேன். அப்ப அக்கா நல்லாத்தான் இருந்துச்சு. டீ குடிச்சுட்டு பேசிக்கிட்டு இருந்துச்சு. வண்டி எழுந்த பிறகுதான் அக்கா சாஞ்சது. மாமா மேல ஒண்ணுமில்ல."

மாமா மேல ஒண்ணுமில்ல. அவனாகச் சொன்னது. நான் கேட்கவில்லை.

அதுதான் அவன் சொன்ன கதை. அன்றிலிருந்து அதுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்கிற கதை. வண்டி படுத்தது, கேபிள் மெல்லிசு, நேரம் போச்சு, பிறகு அவள் சாய்ந்தாள், விதி.

நானும் நாலைந்து வருஷம் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். கேபிளைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்த மெல்லிசு கேபிளை அவனுக்குக் கொடுத்தது நான். 'வெல்டிங் கேபிள்ல தடிசா ஒண்ணு செஞ்சு தர்றேன்டா, அதுவரைக்கும் இதை வச்சுக்கோ' என்றேன். அதுவரைக்கும் என்றது இரண்டு வருஷமாகியும் முடியவில்லை. தடி கேபிள் இருந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் ஜீப் எழுந்திருக்கும். அவள் சாய்ந்தபோது கீழே பாதி தூரம் வந்திருப்பார்கள். அதனால்தான் இன்றைக்கு இந்தக் கடையில் மெல்லிசு கிடையாது. யார் வந்து கேட்டாலும் உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறேன். சில பேர் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும்.

உங்கள் போன் அடிக்கிறது. அடிக்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம். முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறேன்.

நான் எலெக்ட்ரீஷியன் சார். பேட்டரி எனக்குப் பொய் சொல்லாது. அந்த ஜீப்புக்கு பேட்டரி போட்டுக் கொடுத்ததும் நான்தான். ஏழு மாசம்தான் ஆகியிருந்தது. ஒரு டீ குடிக்கிற நேரத்துக்கு லைட் எரிந்தால் அது இறங்குமா? இறங்காது. ஒரு மணி நேரமாவது எரிந்திருக்கவேண்டும். இது எனக்கு ஆறாவது வருஷத்தில் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. அப்படியே நின்றுவிட்டேன். அப்படியென்றால் எனக்கு போன் வருவதற்கு முன்னாலேயே ஒரு மணி நேரம் அந்த வளைவில் நின்றிருக்கிறார்கள். எதற்கு? நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிற பொம்பளையை வைத்துக்கொண்டு, பனியில், ஒரு மணி நேரம் எதற்கு நிற்கவேண்டும்?

அப்புறம் இன்னொன்று. செல்ஃப் அடித்தால் என்ன சத்தம் வருகிறது என்று கேட்டேன் அல்லவா? அதற்கு அவன் பதிலே சொல்லவில்லை. என்னிடம் வேலை கற்றவன். நான் முதலில் கேட்பது சத்தம்தான் என்று தெரியும். வண்டிக்காகப் போன் பண்ணியிருந்தால் சத்தத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வான். அன்றைக்கு 'அது வந்து' என்றான். எது வந்து?

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது, பாருங்கள். அவள் அப்போதே சாய்ந்திருந்தால், நிறுத்திய வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாமே? ஓடுகிற நிலையில் ஒரு வண்டி கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிறது. அதை இருபது நிமிஷம், பிறகு இன்னும் இருபது நிமிஷம், சும்மா நிறுத்தி ஓடவிட்டு ஜீப்புக்கு சார்ஜ் ஏற்றியிருக்கிறான். சொந்த அக்கா சாய்ந்து கிடக்கும்போது யாராவது அப்படிச் செய்வார்களா? புத்தியுள்ளவன் செய்ய மாட்டான். சுருளி புத்திசாலி. அதனால் அவன் சொன்னது உண்மையாகத்தான் இருக்கவேண்டும். இப்படி ஒரு மாசம் நம்புவேன். பிறகு பேட்டரி ஞாபகம் வரும்.

தவமணியிடமே கேட்கலாமே என்று நினைக்கிறீர்கள். கேட்டேன். அவளுக்கு இப்போது இரண்டே வார்த்தைதான் வரும், 'ஆமா', 'இல்ல'. அதுவும் மாறி மாறி வரும். சோறு போதுமா என்றால் 'ஆமா' என்பாள், தட்டை நீட்டுவாள். ஒரு நாள் தலை வாரிவிட்டுக்கொண்டே கேட்டேன். "தவம், அன்னைக்கு சுருளி எனக்குப் போன் பண்ணினானே, படுத்துருச்சுன்னு. அது வண்டியா, நீயா?" அவள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள். பிறகு, "ஆமா" என்றாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் கொடுத்த ஃபைல் பீரோவில் இருக்கிறது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டர் சுருளியிடம் கேட்டு எழுதிக்கொண்டார், நான் பார்த்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். நான் படித்ததில்லை. கண் அவ்வளவாகத் தெரிவதில்லை. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்தான். நேரம் அமையவில்லை.

எனக்குக் கோபம் வராது சார். இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். யார் மேலும் கை நீட்டியதில்லை, சத்தம் போட்டதில்லை. சொல்லிக்கொடுப்பேன், அவ்வளவுதான். சுருளி ஒரு தடவை, ஒரு கல்யாணப் பந்தியில், எல்லோர் முன்னாலும் சொன்னான். "மாமா போன்ல பேசினா எனக்கு பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். தவமணிதான் அதிகம் சிரித்தாள். "உனக்காவது போன்ல. எனக்கு வீட்டுலடா. ஒரு பல்பு மாட்டித் தாங்கன்னா, கரண்ட்டு எங்கே இருந்து வருதுன்னு மேட்டூர்ல இருந்து ஆரம்பிப்பாரு. அதுக்குள்ள விடிஞ்சுரும், பல்பே வேண்டாம்." நானும் சிரித்தேன். பிரியமாகச் சொல்வதுதானே.

சுருளி அந்த வருஷமே பூப்பாறைக்குக் குடிபோய்விட்டான். அங்கே ஜீப் ஓட்டுகிறான். ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றி இறக்குகிறான். வருஷத்துக்கு இரண்டு தடவை அக்காளைப் பார்க்க வருவான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பான். நான் கடை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போவதற்குள் கிளம்பிவிடுவான். சீசன் நேரம், சவாரி அதிகம் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் லாசர் என்று ஒரு டிரைவர் வந்தார். ஏலக்காய் மூட்டை ஏற்றுகிற பிக்கப். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தார். ஜம்பர் கேபிள் கேட்டார். நான் வழக்கம்போல மெல்லிசை எடுத்துக் காட்டி ஆரம்பித்தேன். அவர் சிரித்தார்.

"அண்ணே, இந்த மெல்லிசைப் பத்தி எனக்கு நீங்க சொல்லவேண்டாம். பத்துப் பன்னெண்டு வருசத்துக்கு முன்ன இதை வச்சுக்கிட்டு பதினோராவது வளைவுல முக்கால் மணி நேரம் தவம் கிடந்தேன். ஒரு ஜீப்காரன் கைகாட்டி நிறுத்திட்டான்."

என் வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளரைப் பேசவிட்டு நான் சும்மா இருந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

"பின்சீட்டுல ஒரு அம்மா ஒருக்களிச்சுப் படுத்திருந்துச்சு. என்னப்பான்னு கேட்டேன். தலைசுத்துதுன்னான். மலையில வாந்தி எடுக்குறது சகஜம்தானே, நான் ஒண்ணும் நினைக்கல. ஆனா இவன் ஒரு நிலையில இல்ல அண்ணே. கிளிப்பை வைக்கிறான், எடுக்குறான். வேணும்னா அந்தம்மாவை என் வண்டியில ஏத்துப்பா, கீழே இறக்கிவிடுறேன்னு சொன்னேன். எங்க மாமா சொல்லியிருக்காரு, இருபது நிமிசம் ஓடணும்ங்குறான். மாமா யாருடா, கலெக்டரான்னு கேட்டேன். சிரிக்கல."

"போன்... அங்கே டவர் கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"பதினோராவது வளைவுலயா? அங்கதான் அண்ணே முழுசாக் கிடைக்கும். கீழே போடி விளக்கெல்லாம் தெரியுற இடமாச்சே. நானே முதலாளிகிட்ட ரெண்டு தடவை பேசினேன், லேட்டாகும்னு. அவனும் போனை எடுப்பான், பார்ப்பான், சட்டைப் பைக்குள்ள வைப்பான். மறுபடி எடுப்பான், பார்ப்பான், வைப்பான். டவர் இல்லையாப்பான்னேன். இருக்குண்ணே அப்படின்னான். அந்தம்மா என்ன ஆச்சோ தெரியல."

'நல்லா இருக்குது' என்று சொன்னேன். அவருக்குக் கேபிளைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். எப்படி மாட்டவேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. மலையில் டவர் கிடைக்காது என்று இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தது யார்? சுருளி சொல்லவில்லை. நான்தான். முதல் வார்த்தை என் காதில் விழாததற்கு டவர் காரணம் இல்லை என்றால், வேறு என்ன காரணம்? கடையில் சத்தமா? அவன் சொல்லும்போது நான் பேசிக்கொண்டிருந்தேனா? போனை எடுத்ததும் நான் என்ன சொல்வேன்? 'சொல்லுடா' என்பேன். அதற்கு மேலும் ஏதாவது சொல்லியிருப்பேனா? ஞாபகம் இல்லை சார். தலையில் அடித்துக்கொண்டாலும் ஞாபகம் வரவில்லை.

போன திங்கட்கிழமை கடையைப் பூட்டினேன். பக்கத்து வீட்டம்மாவை தவமணிக்குத் துணைக்கு இருக்கச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் பூப்பாறைக்கு ஏறினேன். பதினோராவது வளைவில் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்போகிறேன் என்று வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். படுத்துருச்சுன்னு நீ சொன்னது வண்டியையா, அக்காவையா? வண்டியையா, அக்காவையா?

ஜீப் ஸ்டாண்டில் இருந்தான். காதோரம் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து நின்றான்.

"என்ன மாமா, சொல்லாமக் கொள்ளாம? அக்காவுக்கு ஒண்ணுமில்லையே?"

"அக்கா நல்லா இருக்கு. ஏன், சொல்லிட்டுத்தான் வரணுமா?"

"இல்ல மாமா. சொல்லியிருந்தா கீழே வந்து கூட்டிட்டு வந்திருப்பேன். பஸ்ஸுல ஏன் இடுப்பொடிய..."

"எங்க ஸ்டாண்டு கௌரவம் போச்சு போங்க. ஜீப்காரன் மச்சானே பஸ்ஸுல வர்றாரு," என்றார் பக்கத்து ஜீப்காரர் ஒருவர். சுருளி சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் என்னை ஜீப்புக்குள் உட்காரவைத்தான். மழை தூற ஆரம்பித்தது. படுதாவை இறக்கிவிட்டு வந்து ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தான். இருவரும் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கேட்டேன். "சுருளி, அன்னைக்கு நீ படுத்துருச்சுன்னு சொன்னது வண்டியையா, அக்காவையா?"

அவன் யோசிக்கவே இல்லை. "வண்டியைத்தான் மாமா. வண்டி படுத்துருச்சுன்னுதான் சொன்னேன். அப்ப அக்கா நல்லாத்தான் இருந்துச்சு. டீ குடிச்சுட்டு பேசிக்கிட்டு இருந்துச்சு. வண்டி எழுந்த பிறகுதான் அக்கா சாஞ்சது."

மதுரை வராந்தாவில் சொன்ன அதே வார்த்தைகள். அதே வரிசை. பதினோரு வருஷத்தில் ஒரு வார்த்தைகூடத் தேயவில்லை. நடந்ததைச் சொல்கிறவன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வான் சார். ஒன்றைக் கூட்டுவான், ஒன்றை விடுவான். மனப்பாடம் பண்ணியவன்தான் இப்படித் திருப்பிச் சொல்வான்.

லாசரைப் பற்றிச் சொல்லலாமா என்று பார்த்தேன். பேட்டரியைப் பற்றிச் சொல்லலாம். ஒவ்வொன்றாக எடுத்துவைத்து அவனை மடக்கலாம். எனக்கு அது நன்றாக வரும். வாயைத் திறந்தேன். அவன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்து, நான் சொல்லப்போவதைக் கேட்கத் தயாராக இருந்தான். ஐம்பது வயது நெருங்குகிற ஆள். பரீட்சைக்கு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தான்.

எனக்குச் சொல்லவந்தது எல்லாம் மறந்துவிட்டது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, இனி அதைக் கேட்கவும் முடியாது. கடைசியில் நான் நினைத்தே பார்க்காத ஒன்றைக் கேட்டேன்.

"மாப்ள, நான் போனை வச்ச பிறகு, நீ ஏன்டா என்னை இன்னொரு தடவை கூப்பிடல?"